கார்த்திகையின் நிறம் என்ன?

மார்கழி இரவில் கீரப்பாளையம் வயல்வெளியில் நின்று உச்சிவானைப் பாருங்கள். சின்னக் கொத்தாகக் கார்த்திகை தெரியும். பக்கத்திலேயே ரோகிணி செம்மஞ்சளாக மின்னும். கார்த்திகை மட்டும் ஏன் வெறும் வெளுப்பு?

மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது. கேமராவோ, உண்டியலில் காசு சேர்ப்பதுபோல ஒளியைச் சேர்க்கும். சிறிய தொலைநோக்கியில் பொருத்தி, அரை நிமிடம் திறந்து வையுங்கள். கார்த்திகை நீலம்! அதன் பெரிய விண்மீன்கள் 10,000 டிகிரிக்கு மேல் கொதிப்பவை. நம் சூரியன் 5,500தான்.

ஒரு சங்கடம் உண்டு. பூமி சுழல்வதால், 2 நிமிடத்தில் வானம் ஒரு முழுநிலா அகலம் நகர்ந்துவிடும். படத்தில் புள்ளியெல்லாம் கோடாகிவிடும். அதனால் தொலைநோக்கியை ஒரு மோட்டார் கூடவே திருப்ப வேண்டும். ஜவ்வாது மலைக் காவலூரில் 1986இல் திறக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கியும் (எவ்வளவு பெரிசு!) இப்படித்தான் வானத்தோடு திரும்புகிறது.