விழாப் பந்தலும் ஜெனரேட்டரும்

ஜங்புராவில் பாராபுல்லா நாலாவை ஒட்டியிருந்த மதராசி கேம்ப்பை தில்லித் தமிழர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். 2025 ஜூன் 1-ஆம் தேதி அது இடிக்கப்பட்டது. ஒரு பகுதியினருக்கு நரேலாவில் வீடு கிடைத்தது. மற்றவர்கள் கிடைத்த இடத்துக்குப் போனார்கள். எங்கே போனாலும் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றாமல் நம்மவர் இருக்க மாட்டார்கள். பந்தல் என்றால் சீரியல் விளக்கு, மைக் செட், கூடவே வாடகை ஜெனரேட்டர். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நான் ரயில்வேயில் பணியில் இருந்த காலம். நிஜாமுதீனில் வேலை முடிந்து, கேம்ப்பில் ஒரு விழாவுக்குப் போயிருந்தேன். ஒரு சிறுவன் ஓடி வந்து, "அங்கிள், அந்தக் கம்பத்தைத் தொட்டா சுர்ருங்குது" என்றான். இரும்புக் கம்பத்தில் டெஸ்டரை வைத்தேன், எரிந்தது. ஜெனரேட்டர்காரரோ, "எர்த் கம்பி அடித்திருக்கிறேனே, இது கவர்மெண்ட் கரண்ட் மாதிரி ஆளை அடிக்காது" என்றார். கம்பி அடித்திருந்தது உண்மைதான். ஆனால் அது மட்டும் போதாது. ஏன் என்று பார்ப்போம்.

மின்சாரம் மண்ணைத் தேடிப் போவதில்லை. புறப்பட்ட இடத்துக்குத் திரும்பத்தான் வழி தேடுகிறது. ஜெனரேட்டரின் நியூட்ரல் அதன் உலோகச் சட்டத்துடனும் எர்த்துடனும் இணைந்திருக்கிறது. பேஸ் ஒயர் கம்பத்தில் பட்டால், கரண்ட் மண் வழியாகத்தான் திரும்ப வேண்டும். கம்பம் மண்ணைத் தொடும் இடத்தில் 20 ஓம், எர்த் கம்பியில் 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டை 40-ஆல் வகுத்தால் 6 ஆம்பியர்கூட வராது. 32 ஆம்பியர் எம்.சி.பி. அசையவே அசையாது. கம்பத்திலோ சுமார் 115 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். சிறுவன் காலில் ரப்பர் செருப்பு, தரையும் காய்ந்திருந்தது. மழை பெய்திருந்தால்?

ஜெனரேட்டரை நிறுத்தி, எல்லோரையும் விலகச் சொல்லி, அதன் சட்டத்திலிருந்து ஒரு தடித்த பச்சை ஒயரைக் கம்பம் வரை இழுத்துக் கட்டினோம். மறுபடி ஓட்டியதும் எம்.சி.பி. பட்டென்று விழுந்தது. அவ்வளவு நேரம் ஒளிந்திருந்த கோளாறு தன்னைத் தானே காட்டிக்கொடுத்தது. கட்டுக்கம்பி இறுகி ஒயரின் தோல் வெட்டுப்பட்டிருந்த இடத்தைப் பிறகு கண்டுபிடித்தோம்.

ஆகவே விழாக் குழுவினர் கவனிக்க வேண்டியவை இவை. ஜெனரேட்டர் சட்டத்துக்கு இரண்டு தனித்தனி எர்த் வேண்டும். 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 61-ஆம் விதியே இதைச் சொன்னது. அங்கிருந்து பச்சை ஒயர் ஒவ்வோர் இரும்புக் கம்பத்துக்கும், மைக் செட்டுக்கும், மோட்டாருக்கும் போக வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று கட்டாயம். சிறு கசிவைக்கூட உணர்ந்து நொடிப்பொழுதில் கரண்டை வெட்டிவிடும். ஆனால் நியூட்ரலும் சட்டமும் அதற்கு முன்னால் இணைந்திருந்தால்தான், ஒயர் கம்பத்தில் பட்டதும் அது வேலை செய்யும். விளக்கேற்றும் முன் அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். வீட்டு இணைப்போடு ஜெனரேட்டரைச் சேர்ப்பதானால் சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் இல்லாமல் சேர்க்காதீர்கள். இல்லையேல் தெருக்கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் உயிருக்கு ஆபத்து.

ஒன்று மறக்க வேண்டாம்: மேலே போகும் உயர் அழுத்தக் கம்பியிடம் இந்த ஏற்பாடு எதுவும் செல்லாது. 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சை அருகே களிமேட்டில் தேர் அப்படிப்பட்ட கம்பியில் உரசி 11 பேர் மாண்டார்கள். அதனிடமிருந்து தள்ளி நிற்பது ஒன்றே வழி.

பந்தல் இரண்டு நாளில் பிரிக்கப்படும் தற்காலிக ஏற்பாடுதான். அதில் போகும் உயிர் தற்காலிகம் அல்ல. குழந்தை "சுர்ருங்குது" என்று சொன்னால் அதட்டி அனுப்பாமல், முதலில் ஜெனரேட்டரை நிறுத்துங்கள்.