ஒரு மாம்பழம், ஒரு கிராம் பாசி

வைகாசி பிறந்துவிட்டால் காவேரிப்பட்டினத்தில் மாங்காய் லாரிகளின் நடமாட்டம் தொடங்கிவிடும். இந்த ஊர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாந்தோப்புகளின் பரப்பு 30,000 ஹெக்டேருக்கும் மேல். மூக்கு நீண்டு வளைந்த கிளிமூக்கு மாங்காயைப் பெங்களூரா என்றும் இங்கே சொல்வார்கள். அதில் பெரும்பகுதி போய்ச் சேரும் இடம் மாங்கூழ் ஆலைதான். தென்பெண்ணை ஆற்றங்கரையிலுள்ள இந்த ஊரில் பிழிந்தெடுக்கும் கூழ், வளைகுடா நாடுகளிலும் ஐரோப்பாவிலும் பழச்சாறாகக் குவளைகளை நிரப்புகிறது.

இப்போது மருந்துக்கடை அலமாரிகளில் இந்தப் பழத்துக்கு ஒரு போட்டியாளர் வந்து உட்கார்ந்திருக்கிறது. கரும்பச்சை மாத்திரையாகவும் பொடியாகவும் விற்கும் ஸ்பைருலினா, தமிழில் சுருள்பாசி. 'ஒரு கிலோ சுருள்பாசி ஆயிரம் கிலோ காய்கனிகளுக்குச் சமம்' என்ற வாசகம் பல ஆண்டுகளாக விளம்பரங்களில் சுற்றி வருகிறது. அது உண்மையானால் ஒரு கிராம் பாசி ஒரு கிலோ மாம்பழத்துக்கு ஈடாக வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

முதலில் மாம்பழம். நூறு கிராம் சதையில் 83 கிராம் வெறும் தண்ணீர். சர்க்கரை ஏறத்தாழ 14 கிராம், புரதம் ஒரு கிராமுக்கும் குறைவு, நார்ச்சத்து ஒன்றரை கிராம். வைட்டமின் சி மட்டும் 36 மில்லிகிராம். நம் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டின் சராசரியாக 0.6 மில்லிகிராம். வகைக்கு வகை இது மாறும். சதையின் மஞ்சள் அடர்ந்தால் பொதுவாகக் கரோட்டினும் கூடும்.

சுருள்பாசிப் பொடியில் இந்தப் படம் தலைகீழாகிறது. நூறு கிராமில் புரதம் 57 கிராம், இரும்புச்சத்து 28 மில்லிகிராம். நல்ல தரமான பொடியில் கிராமுக்கே ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம் பீட்டா கரோட்டின் இருக்கும். மாம்பழத்தின் தண்ணீரை முழுக்க வற்றவைத்து, காய்ந்த பொருளைக் காய்ந்த பொருளோடு ஒப்பிட்டாலும் புரதத்தில் பாசி பத்து மடங்குக்கு மேல் முந்தி நிற்கிறது.

ஆனால் பாசியை யாரும் நூறு கிராம் சாப்பிடுவதில்லை. ஒரு நாளைக்கு ஒன்று முதல் ஐந்து கிராம்தான் வழக்கமான அளவு. ஐந்து கிராம் பாசியில் கிடைக்கும் புரதம் மூன்று கிராம்கூட இல்லை. ஒரு கோழி முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. ஒரு கிலோ மாம்பழத்தில் 8 கிராம் புரதமும் 360 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் இருக்க, ஒரு கிராம் பாசியில் புரதம் அரை கிராம்தான், வைட்டமின் சி கணக்கில் வராத அளவு. இரும்பிலும் கரோட்டினிலும்கூட அந்த ஒரு கிலோ பழமே முன்னால் நிற்கிறது. விளம்பர வாசகம் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தேறவில்லை.

அதற்காகப் பாசியை ஒதுக்கிவிடவும் முடியாது. 200 கிராம் சதையுள்ள ஒரு மாம்பழத்தில் சுமார் 1.3 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் இருக்கிறது. ஒரு கிராம் பாசியில் இருப்பதும் ஏறத்தாழ அதே அளவு. ஒரு கிலோ பழத்துக்கு ஈடாகாத ஒரு சிட்டிகைப் பொடி, இந்த ஒரு சத்தில் ஒரு முழுப் பழத்துக்கு ஈடாகிவிடுகிறது.

அந்தச் சிட்டிகையின் வலிமையைத் தமிழ்நாடு நேரிலேயே கண்டிருக்கிறது. சென்னையிலுள்ள முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தை வழிநடத்திய விஞ்ஞானி சி.வி. சேஷாத்ரி, 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் சுமார் 5,000 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தினார். எல்லாரும் பள்ளி வயதை எட்டாதவர்கள். வைட்டமின் ஏ குறைந்தால் வெள்ளைவிழியில் நுரை படிந்தாற்போல் பிட்டாட் புள்ளிகள் தோன்றும். கவனிக்காமல் விட்டால் பார்வையே போகலாம். நாளுக்கு ஒரு கிராம் சுருள்பாசி வீதம் 150 நாள் கொடுத்ததில் அந்தப் புள்ளிகள் பெருமளவு குறைந்தன.

இதை வளர்க்கக் கடலும் வேண்டாம், வயலும் வேண்டாம். ஆழமில்லாத தொட்டி, சமையல் சோடா கலந்து காரத்தன்மை ஏற்றிய நீர், நல்ல வெயில், அவ்வப்போது கலக்கிவிட ஒரு கை ஆகியவை போதும். விளைந்த பாசியைத் துணியில் வடிகட்டி, இடியாப்பம்போலப் பிழிந்து காயவைக்கிறார்கள். உண்மையில் இது தாவரமே அல்ல, ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிரி. ஆப்பிரிக்காவின் சாட் ஏரிக்கரை மக்கள் இதை அள்ளி, காயவைத்து, வில்லைகளாகக் குழம்பில் சேர்க்கும் வழக்கம் இன்றும் உண்டு. மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்களும் ஏரியிலிருந்து எடுத்து உண்டிருக்கிறார்கள்.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவையும் உண்டு. சைவ உணவுக்காரர்கள் பி12 சத்துக்காகச் சுருள்பாசியை நம்பக் கூடாது. அதில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடல் பயன்படுத்த முடியாத போலி வடிவம். குளத்துப் பாசியை அள்ளிக் காயவைத்துச் சாப்பிடுவது ஆபத்து, ஏனெனில் கல்லீரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கும் பாசிகள் கலந்திருக்கலாம். பரிசோதித்து, உணவுப் பாதுகாப்பு உரிம எண் அச்சிட்ட பொருளையே வாங்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு எச்சரிக்கை மாம்பழத்தின் பக்கம்: ஒரு முழுப் பழத்தில் 27 கிராம் சர்க்கரை இருக்கிறது.

பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரையும் சத்து. பாசியானாலும் பழமானாலும் கொஞ்சம் எண்ணெயோ நெய்யோ உள்ள சாப்பாட்டோடு சேர்ந்தால்தான் உடலில் நன்றாக ஒட்டும். மாங்கூழ் ஆலையின் சூட்டில் வைட்டமின் சி ஓரளவு குறைந்தாலும் கரோட்டின் பெருமளவு தாக்குப்பிடிக்கிறது. பழம் கிடைக்காத மாதங்களில் கூழுக்கும் ஊட்ட மதிப்பு இருப்பது அதனால்தான். ஆனால் கடையில் வாங்கும் மாம்பழ பானம் வேறு. அதில் தண்ணீரும் சர்க்கரையும் எவ்வளவு, கூழ் எவ்வளவு என்பதை உறையைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆடி கழிவதற்குள் காவேரிப்பட்டினத்தில் கிளிமூக்கு வரத்து அடங்கத் தொடங்கும். பாசித் தொட்டிக்கு இப்படிப் பருவம் கிடையாது. மழைமூட்டமான நாள்களில் வளர்ச்சி மந்தப்படும், அவ்வளவுதான். புதுக்கோட்டைக் குழந்தைகளுக்குப் பாசி கொடுத்த 150 நாள் என்பது ஐந்து மாதம். அவ்வளவு நாள் ஒரு குழந்தைக்குத் தினம் ஒரு பழம் தர ஒரு மாந்தோப்பால் எளிதில் முடியாது.