டம்ளர் ஏன் நழுவியது?

“கையில என்னடி, எண்ணெயா தடவியிருக்கே?”

காலை வேளையில் என் மகளை இப்படித் திட்டாத நாளில்லை. காபி டம்ளர் நழுவும். தலை வாரும்போது சீப்பு எகிறிப் போய் விழும். பத்து மணிக்கு மேல் ஒன்றும் இருக்காது. தூக்கக் கலக்கம், கவனக் குறைவு என்றுதான் நினைத்தேன்.

நாங்கள் பெரம்பூர்வாசிகள். 1996-ல் மூடப்பட்ட பின்னி ஆலையில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவர் என் மாமனார். கணவருக்கு ஐ.சி.எப்.பில் வேலை. கண் விழித்து உழைப்பதைப் பெருமையாகப் பேசும் வீடு எங்களுடையது. அதனால், காலேஜில் படித்துக்கொண்டே ரயில்வே பரீட்சைக்கும் தயாரான மகள், ராத்திரி இரண்டு மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்தபோது எனக்கும் பெருமைதான். பிளாஸ்கில் டீ போட்டு வைத்தவளே நான்! இப்படியே ஐந்து மாதம் ஓடியது.

பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி அவள் படுக்கவே இல்லை. காலையில் இரண்டு கையும் வெட்டி வெட்டி இழுத்தன. “அம்மா!” என்றாள். அடுத்த நிமிஷம் தரையில் விழுந்து உடம்பு விறைத்துத் துடித்தது. வாயில் நுரை. நான் அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது. எதிர் வீட்டு ஆயா சாவிக் கொத்தைக் கையில் திணித்தார். இன்னொருவர் வாயில் கரண்டி வைக்கப் போனார். இரண்டு நிமிஷத்தில் அடங்கியது. எனக்கோ அது ஒரு யுகம்.

ஆஸ்பத்திரியில் நரம்பியல் டாக்டரம்மா முதலில் கேட்டதே, “நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினேம்மா?” என்றுதான். அடுத்த கேள்வி: “காலைல எழுந்ததும் கை உதறுமா? சாமான் கை நழுவுமா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மகளுக்கு வந்திருப்பது வலிப்பு நோயில் ஒரு வகை. ஜுவெனைல் மயோக்ளோனிக் எபிலெப்ஸி என்று பெயர். 1957-ல் ஜெர்மன் டாக்டர் யான்ஸ் இதை விரிவாக எழுதினார். பெரும்பாலும் பன்னிரண்டு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடையே தலைகாட்டும். விழித்தெழுந்த ஒரு மணி நேரத்துக்குள் கை உதறுவதுதான் இதன் முக்கிய அடையாளம்.

“அப்போ, தூக்கம் கெட்டா எல்லாருக்கும் வலிப்பு வந்துடுமா டாக்டர்?”

“வராதும்மா. மூளையில அந்தச் சுபாவம் ஏற்கெனவே இருக்கறவங்களுக்குத்தான் ஆபத்து. மூளை செல்களோட மின் ஓட்டம் கட்டுமீறாம இருக்க ஒரு பிரேக் இருக்கு. தூக்கம் கெட்டா அந்த பிரேக் தளர்ந்து போகும்.”

இ.இ.ஜி. எடுப்பதற்கு முதல் நாள் ராத்திரி அவளைச் சரியாகத் தூங்க விடாமல் அழைத்து வரச் சொன்னார்கள். மறைந்திருக்கும் கோளாறு அப்போதுதான் நன்றாக வெளியே தெரியுமாம்!

மாத்திரையில் நன்றாகக் குணம் தெரிந்தது. எட்டு மாதம் கழித்துத் திருவொற்றியூரில் உறவுக்காரர் கல்யாணம். விடிய விடியப் பேச்சு. ராத்திரி மாத்திரையும் மறந்து போச்சு. காலையில் மறுபடி கை உதறல். மாத்திரை பாதி, தூக்கம் பாதி என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். கல்யாண வீடு, சிவராத்திரி, ஏகாதசி எதுவானாலும் வலிப்பு உள்ளவர்கள் கண் விழிக்க வேண்டாம்.

சகோதரிகள் நினைவில் வைக்க வேண்டியவை:

வலிப்பு வந்தவரை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். பக்கத்திலுள்ள கூரான பொருள்களை அகற்றி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினாலோ, தெளியாமல் மறுபடி வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிஷத்தில் தானாகவே அடங்கிவிடும். அந்தப் பெயரைத்தான் சாவிக் கொத்து தட்டிக்கொண்டு போகிறது!

பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். ஒரு வகை வலிப்புக்குக் கேட்கும் கார்பமசெபைன், என் மகளுக்கு வந்த வகையை அதிகமாக்கிவிடலாம். வால்புரோயேட் என்ற மருந்து வயிற்றிலிருக்கும் சிசுவைப் பாதிக்கக்கூடும். ஆகவே கல்யாணத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள். பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது வலிப்பைக் கூப்பிட்டு அழைப்பது போல. பிரசவித்த பெண்ணானால், ராத்திரியில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டார் முறை போட்டுக்கொள்ளுங்கள்.

“வெளியே சொல்லாதே, கல்யாணம் ஆகாது” என்று எனக்கும் புத்தி சொன்னார்கள். 1955-ஆம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக இருந்தது உண்மை. 1999-ல் அதை எடுத்துவிட்டார்கள். உலகத்தில் சுமார் ஐந்து கோடிப் பேருக்கு இந்த நோய் உண்டு. முறையான சிகிச்சை கிடைத்தால் நூற்றுக்கு எழுபது பேர்வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிறகு எதற்கு மறைக்க வேண்டும்?

அடுத்த பரீட்சைக்கு முதல் நாள் ஒன்பதரை மணிக்கு நானே விளக்கை அணைத்தேன். “இன்னும் ஒரே ஒரு பாடம்மா...” என்று கெஞ்சினாள். “தூங்கி எழுந்து படி” என்றேன். காலையில் காபியை நீட்டினேன். டம்ளர் அவள் கையில் நிலையாக இருந்தது.

உங்கள் வீட்டிலும் காலை நேரத்தில் அடிக்கடி டம்ளர் நழுவுகிறதா? திட்டுவதற்கு முன்னால், “ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினே கண்ணு?” என்று கேளுங்கள். பிறகு ஒரு நரம்பியல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். நான் கேட்கத் தவறினேன், நீங்கள் தவறாதீர்கள்.