இரு பக்கங்கள், ஒரு சமநிலை: மின்னணு நினைவேட்டை வடிவமைக்கும் முறை

கைப்பேசியில் கேமரா வந்த பிறகு படம் எடுப்பது எளிதாகிவிட்டது; எடுத்த படத்தை மீண்டும் பார்ப்பதுதான் அரிதாகிவிட்டது. முன்பெல்லாம் விருந்தினர் வந்தால் அலமாரியிலிருந்து ஆல்பம் வெளியே வரும். கறுப்புத் தாளில் படங்களைச் செருகி, கீழே ஊரும் ஆண்டும் எழுதி வைத்திருப்பார்கள். அதன் இன்றைய வடிவமே மின்னணு நினைவேடு. படங்களையும் குறிப்புகளையும் கணினியில் அடுக்கி, திரையில் காணவும் அச்சிட்டு நூலாகக் கட்டவும் ஏற்றவாறு அமைக்கலாம். அதற்குக் கேன்வா, பவர்பாயிண்ட் போன்ற பழக்கமான மென்பொருள்களே போதும். ஆனால் நூலைத் திறந்தவுடன் ஒருசேரக் கண்ணில் படும் இரு பக்கங்களையும் ஒரே பரப்பாகக் கருதி வடிவமைக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 1975ஆம் ஆண்டு மணம் புரிந்த பெற்றோரின் திருமணப் பொன்விழாவுக்காக 2025இல் பிள்ளைகள் நினைவேடு ஒன்றைத் தயாரிக்கிறார்கள். மணநாளில் ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றே ஒன்றுதான் உள்ளது. விழாவன்று எடுத்த வண்ணப் படங்களோ 400. பழையதை இடப்பக்கத்தில் வைத்து, வலப்பக்கத்தைப் புதியவற்றால் நிரப்பினால், வண்ணமும் கூட்டமும் சேர்ந்து பழைய படத்தை அமுக்கிவிடும். யாருக்காக விழாவோ, அவர்களே ஒரு மூலையில் ஒதுங்கிவிடுவார்கள்.

எண்ணிக்கை வேறு, எடை வேறு

கணக்கியலில் பற்றும் வரவும் தொகையால் சமமாக இருக்க வேண்டும். பதிவுகளின் எண்ணிக்கையால் அன்று. ஒரு பெரிய வரவுக்கு எதிரே பத்துச் சிறு பற்றுகள் நிற்கலாம். பக்க வடிவமைப்புக்கும் இதே நியாயம் பொருந்தும். இரட்டைப் பதிவு முறையை விளக்கி 1494இல் வெனிஸ் நகரில் நூலாக அச்சேற்றிய இத்தாலியத் துறவி லூக்கா பசியோலி, வடிவங்களின் விகிதம் பற்றியும் தனி நூல் எழுதினார். 1509இல் அச்சான அந்நூலுக்கு லியொனார்டோ டாவின்சியின் ஓவியங்கள் அணி செய்தன. கணக்கும் வடிவமும் அவருக்கு அந்நியத் துறைகளாகத் தோன்றவில்லை.

பக்கத்தில் ஒரு படத்தின் எடையைத் தீர்மானிப்பவை சில. பெரிய படம் சிறியதைவிடவும், அடர்நிறம் வெளிர்நிறத்தைவிடவும், சிவப்பும் மஞ்சளும் சாம்பல் நிறத்தைவிடவும், மனித முகம் இயற்கைக் காட்சியைவிடவும் கண்ணை மிகுதியாக ஈர்க்கும். சுற்றிலும் வெற்றிடம் விடப்பட்ட படம், நெருக்கடியில் சிக்கிய படத்தைவிடக் கனம் பெறும். தொலைவுக்கும் பங்குண்டு. சீசா பலகையில் பெரியவர் நடுவுக்கு அருகிலும் குழந்தை கோடியிலும் அமர்ந்தால் பலகை நேராக நிற்கும். அவ்வாறே, நடு மடிப்புக்கு அருகிலுள்ள பெரிய படத்தை, எதிர்ப்பக்கத்தின் வெளியோரத்தில் உள்ள சிறிய படம் ஈடு செய்யும்.

இவற்றைப் பொன்விழா ஏட்டில் பொருத்திப் பார்ப்போம். 12 அங்குலச் சதுரமான இடப்பக்கத்தில் பழைய படத்தை 8 அங்குல உயரத்தில் தனியே அமைத்து, மேலும் கீழும் 2 அங்குலம் வெற்றிடம் விடலாம். வலப்பக்கத்துக்கு 400 படங்களில் மூன்றை மட்டும் தேர்ந்தெடுக்கலாம்: தம்பதியர் இன்று இருக்கும் படம் சற்றுப் பெரிதாக, பேரக்குழந்தைகளின் படங்கள் இரண்டு சிறிதாக. பெரிய வண்ணப் படத்தின் மேல்விளிம்பும் பழைய படத்தின் மேல்விளிம்பும் ஒரே நேர்க்கோட்டில் அமைந்தால் இரு பக்கங்களும் தாமே இணைந்துவிடும். பின்னணிக்கு இரு பக்கத்திலும் ஒரே வெளிர் நிறம், படங்களுக்கிடையே ஒரே அளவு இடைவெளி, அதிகம் போனால் இரண்டு எழுத்துருக்கள் என்பது போதுமானது. வெளியோரப் படங்களில் இருப்பவர்கள் நூலின் உட்புறம் நோக்கியிருப்பது நன்று. வெளிப்புறம் நோக்கினால் வாசிப்பவரின் கண்ணும் அவர்களோடு பக்கத்தை விட்டு வெளியேறும்.

அமைத்து முடித்ததும் பக்கத்தைச் சிறிதாக்கிக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். விவரங்கள் மறைந்து, கருமையும் வெளிச்சமும் மட்டும் தெரியும். ஒரு பக்கம் தாழ்ந்து தோன்றினால் அங்கே ஒரு படத்தை நீக்குங்கள். மறுபக்கத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டாம்.

அச்சுக்குரிய அளவுகள்

தெளிவான அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது பொதுவான கணக்கு. 12 அங்குலப் பக்கத்துக்கு 3600 பிக்சல். இரு பக்க விரிவுக்கு 7200க்கு 3600. கைப்பேசியில் எடுத்த 4000க்கு 3000 பிக்சல் படத்தை 13 அங்குல அகலம் வரை தயங்காமல் பயன்படுத்தலாம். அதே படம் வாட்ஸ்அப் வழியே சுருங்கி 1600 பிக்சல் அகலத்தில் வந்து சேர்ந்தால் 5 அங்குலத்துக்கு மேல் தாங்காது. ஆகவே உறவினர்களிடம் படங்களை ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். பழைய படத்தை 600 அடர்த்தியில் ஸ்கேன் செய்தால், 6 அங்குல உயரமுள்ள படம் 8 அங்குலத்துக்குப் பெருகினாலும் மங்காது.

நடு மடிப்பின் இருபுறமும் அரை அங்குலத்துக்குள் முகமோ எழுத்தோ வரலாகாது. கட்டும்போது அப்பகுதி உள்ளே மறைந்துவிடக்கூடும். பிடிஎஃப் கோப்பாக மாற்றியபின் தமிழ் எழுத்துகள் சிதையாமல் உள்ளனவா என்று ஒருமுறை படித்துப் பார்ப்பதும் அவசியம்.

எதை விலக்க வேண்டும்?

வங்கிப் பணியில் இருப்பவன் என்ற முறையில் இதனையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்பாவின் முதல் பாஸ்புக், அம்மா கையெழுத்திட்ட காசோலை, பழைய அடையாள அட்டை ஆகியவற்றை நினைவேட்டில் ஒட்ட மனம் விரும்புவது இயல்பு. ஆனால் மின்னணு ஏடு குடும்பக் குழுவில் பகிரப்படும்; அங்கிருந்து எங்கெங்கோ செல்லும். கணக்கு எண், ஆதார் மற்றும் பான் எண், கையொப்பம், முழுப் பிறந்த தேதி ஆகியவை பிறர் கையில் சேர்ந்தால் மோசடிக்கு வழியாகும். பாஸ்புக்கின் மேலட்டை மட்டும் போதும். அதிலும் எண் இருந்தால் அப்பகுதியைப் படத்திலிருந்து வெட்டிவிடுங்கள். எண்ணின் மேல் மெல்லிய வண்ணத்தைத் தடவுவது போதாது. அது உள்ளே படிக்கும்படியே இருக்கும்.

எதை எழுத வேண்டும்?

விலக்கிய இடத்தில் பெயர்களை எழுதுங்கள். அந்த 1975ஆம் ஆண்டுப் படத்தில் மணமக்களுக்குப் பின்னால் நிற்பவர் யார், படம் எந்த ஊரில் எடுக்கப்பட்டது என்பன பெற்றோருக்கு மட்டுமே தெரிந்திருக்கும். எந்த மென்பொருளாலும் அதனை மீட்டுத் தர இயலாது. கணினியின் முன் அமர்வதற்குமுன் ஒரு மாலைப்பொழுது அவர்கள் அருகே அமர்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தில் விட்ட அந்த 2 அங்குல வெற்றிடத்தில் மூன்று வரிகள் தாராளமாக அடங்கும். ஏடு முடிந்தபின் ஒரு பிரதியை அச்சிட்டு வீட்டிலும், ஒரு பிரதியைப் பென் டிரைவிலும், இன்னொன்றை வேறு ஊரில் வாழும் உடன்பிறப்பிடமும் வைத்துவிட்டால், ஒன்று தொலைந்தாலும் மற்றவை நிற்கும்.