விம்பிள்டனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்

கல்முனை சந்தாங்கேணி மைதானத்தில் அஸருக்குப் பிறகு நடக்கும் சுற்றுப்போட்டியைப் பார்க்க வருபவர்களுக்கு, எந்தக் கழகம் எந்தப் பக்கத்துடையது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு கழகத்தை அப்படியே பெயர்த்து வேறு ஊரில் வைக்கலாம் என்றால் சிரிப்பார்கள். இங்கிலாந்தில் அதைச் செய்தே காட்டினார்கள்.

விம்பிள்டன் என்றால் நமக்கு டென்னிஸ். ஆனால் அங்கே 1889இல் பழைய மாணவர்கள் தொடங்கிய உதைபந்தாட்டக் கழகமும் இருந்தது. 1977இல்தான் தேசிய லீக்கில் இடம் கிடைத்தது. ஒன்பதே வருடத்தில் முதற்பிரிவு. 1988 எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் எதிரே நின்றது லீக் சாம்பியன் லிவர்பூல். சான்செஸ் தலையால் முட்டி ஒரு கோல். ஆல்ட்ரிட்ஜ் அடித்த தண்டனை உதையை இடப்பக்கம் பாய்ந்து தட்டிவிட்டார் கோல் காப்பாளர் பெசன்ட். வெம்ப்ளியில் நடந்த எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டமொன்றில் தண்டனை உதை தடுக்கப்பட்டது அதுவே முதல் தடவை. கிண்ணம் விம்பிள்டனுக்கு!

மூன்றே வருடத்தில் சொந்த மைதானமான பிளவ் லேனை விட்டு வெளியேறி, கிறிஸ்டல் பேலஸ் கழகத்தின் மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம். பிறகு, சுமார் 90 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸுக்கே போய்விட உரிமையாளர்கள் கேட்டார்கள். 2002 மே மாதம் மூவர் குழு 2-1 என்று அனுமதித்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கரையோரக் குடும்பங்கள் எத்தனையோ உள்பக்கம் பெயர்ந்தன. இடம்பெயர்வின் வலி நமக்குத் தெரியாததல்ல. ஆனால் அது கடல் செய்த வேலை. இதுவோ கணக்குப் புத்தகம் செய்த வேலை. அதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

ரசிகர்கள் அழுதுகொண்டு இருக்கவில்லை. அடுத்த மாதமே பொதுத்திடலில் ஆட்களைக் கூப்பிட்டு விளையாடவிட்டுத் தேர்ந்தெடுத்து, ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற கழகத்தை லீக் ஏணியின் ஒன்பதாம் படியில் தொடங்கினார்கள். உரிமை ரசிகர்களின் சங்கத்துக்கு. தொடர்ந்து 78 லீக் ஆட்டங்களில் தோற்கவில்லை. 2011இல் தேசிய லீக்குக்கே வந்துவிட்டார்கள். இதற்கிடையில், 2007இல், பெயர்ந்துபோன மில்டன் கீன்ஸ் கழகம் 1988 கிண்ணத்தின் மாதிரியையும் மற்ற நினைவுப் பொருட்களையும் விம்பிள்டன் பகுதியின் உள்ளூராட்சி சபையிடம் ஒப்படைத்திருந்தது. வேறு வழி?

ரசிகர்களே கடன் பத்திரம் வாங்கிப் பணம் திரட்ட, பழைய மைதானத்துக்குக் கூப்பிடு தூரத்தில் புதிய பிளவ் லேன் எழுந்தது. 2020 நவம்பரில் டொன்காஸ்டருடன் முதல் ஆட்டம், 2-2. கொரோனா காலம்; மைதானத்தின் சொந்தக்காரர்களுக்கே உள்ளே போக அனுமதியில்லை.