அழுங்கும் புற்றுக் காளானும்

எங்கள் மட்டாஞ்சேரி மாலை வகுப்பில் 'காளான்' என்று எழுதப் பழகினோம். ஒரு பாட்டி கேட்டார்: "இது செடியா டீச்சர், பிராணியா?"

நல்ல கேள்வி. காளான் செடி அல்ல. அதில் இலை இல்லை, பச்சை இல்லை. வெயிலைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ள அதற்குத் தெரியாது. அது பிராணியும் அல்ல. பூஞ்சை என்னும் தனி இனம். ஆனால் பிராணியைப் போல, தன் உணவுக்கு மற்ற உயிர்களைத்தான் நம்பி இருக்கிறது.

கறையான் புற்றைப் பாருங்கள். அதை நம்பி ஒரு காளானும் வாழ்கிறது, ஒரு காட்டு விலங்கும் வாழ்கிறது.

அந்த விலங்கு அழுங்கு. மலையாளத்தில் ஈனாம்பேச்சி. 'ஈனாம்பேச்சிக்கு மரப்பட்டி கூட்டு' என்று இங்கே கேலி பேசுவார்களே, அதேதான். நம் தெருக்களில் அதைப் பார்க்க முடியாது. கிழக்கே மலையோரக் காடுகளில் இருக்கிறது. பகலில் வளையில் தூங்கும். இரவில் வந்து, பெரிய நகத்தால் புற்றைக் கிழிக்கும். அதற்குப் பல் கிடையாது. நீண்ட, ஒட்டும் நாக்கை உள்ளே விட்டுக் கறையானை நக்கித் தின்னும்.

காளான் கதை வேறு. அதைக் கறையானே வளர்க்கிறது! சில வகைக் கறையான்கள் காய்ந்த இலையையும் மரத்தையும் தின்று, தங்கள் கழிவைக் கூட்டுக்குள் அடை அடையாக அடுக்குகின்றன. அதில் பூஞ்சை வளர்கிறது. அந்தப் பூஞ்சைதான் கறையானுக்கு உணவு. நாம் வயல் செய்வது போல! மழை பெய்ததும் அது மண்ணைத் துளைத்துக் குடை விரிக்கிறது. சிப்பிக் காளானை வைக்கோலில் வளர்க்கலாம். இதற்கு உயிருள்ள கறையான் கூடு வேண்டும். ஆகவே பறிக்கும்போது புற்றைத் தோண்டாதீர்கள்.

அழுங்குக்கு ஆபத்து மனிதனால்தான். பயந்தால் அது பந்து போலச் சுருண்டுகொள்ளும். புலிப் பல்லுக்கு அது சரி. மனிதன் அப்படியே தூக்கிச் சாக்கில் போட்டுக்கொள்கிறான். செதில் மருந்தாம்! நம் நகம் எதனால் ஆனதோ, அதனால்தான் அந்தச் செதிலும் ஆனது. நகத்தைத் தின்றால் நோய் தீருமா? 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அழுங்கைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

காளானிலோ ஆபத்து நமக்கு. புற்றுக் காளான் ருசியானது. ஆனால் அதைப் போலவே தோன்றும் விஷக் காளான்களும் உண்டு. வெள்ளிக் காசு கறுத்தால் விஷம், புழு தின்றிருந்தால் நல்லது என்பார்கள். இரண்டையும் நம்ப வேண்டாம். சில விஷங்கள் 6 மணி நேரத்துக்குப் பிறகே வாந்தி, பேதியைக் காட்டும். பிறகு நின்றுவிடும். ஆனால் உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். வாந்தி நின்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மீதிக் காளானையும் கையோடு எடுத்துப் போங்கள்.