உள்ளங்கைக்குத் தெரியும் நெக்

எலக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறவர்கள் பிக்கப்பை விசாரிப்பார்கள், மரத்தை விசாரிப்பார்கள். நெக்கின் முதுகைத் தடவிப் பார்ப்பவர்கள் குறைவு. இடது கை குடியிருக்கப் போவதோ அங்கேதான்.

நெக்கைக் குறுக்கே அறுத்தால் தெரியும் வடிவத்துக்கு சி, வி, யு, டி என்று எழுத்துப் பெயர்கள் உண்டு. முதல் ஃபிரெட் அருகே கனம் சுமார் 20 மி.மீ.; அதில் இரண்டு மி.மீ. மாறினாலும் கை கண்டுபிடித்துவிடும். கட்டைவிரலை விளிம்புக்கு மேல் மடக்கிக் கம்பியை வளைப்பவருக்கு 'வி' முகடு உள்ளங்கையில் பொருந்தும். கட்டைவிரலை முதுகின் நடுவில் ஊன்றி வேகமாக வாசிப்பவருக்குத் தட்டையான 'டி' வசதி. மெலிந்த நெக்தான் உசத்தி என்று கடையில் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். பெரிய கைக்கு அது பிடிமானம் தராமல் வலியைத் தரும்.

கர்நாடக இசையை எலக்ட்ரிக் கிட்டாரில் வாசிக்கும் ஆர். பிரசன்னாவைக் கவனியுங்கள். கமகத்துக்காக விரல்கள் கம்பியோடு வழுக்கி ஓடுகின்றன. கட்டைவிரலும் கூடவே ஓடியாக வேண்டும். அப்போது வடிவத்தைவிடப் பூச்சுதான் முக்கியம் என்பேன், அதுவும் நம் ஊர் வெயிலில். பளபளக்கும் வார்னிஷில் வியர்த்த தோல் முழுதாகப் படிந்து ஒட்டிக்கொள்ளும். மங்கலான சாட்டின் பூச்சில் நுண்ணிய மேடுபள்ளம் இருப்பதால் தொடும் பரப்பு குறைவு, கை வழுக்கும்.

ஆரணி நெசவாளர்களுக்கு இது புதிதல்ல. கச்சாப் பட்டு நூலின் மேலிருக்கும் செரிசின் பசையைச் சோப்புத் தண்ணீரில் காய்ச்சி எடுத்த பிறகுதான் நூல் மென்மையாகிறது. இழை அதேதான், மேலுறை போனதும் தொடுவுணர்வே வேறு.

உராய்வைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு. எழுபதுகளில் 'சக்தி' குழுவில் வாசித்த ஜான் மெக்லாஃப்லின், ஃபிரெட்டுகளுக்கு இடையில் மரத்தைக் குடைந்தெடுத்த கிட்டாரை வைத்திருந்தார். வீணையில் மெழுகின் மேல் உயர்ந்து நிற்கும் மெட்டுகளைப் போல, இதிலும் விரல் நுனி கம்பியை மட்டும் தொடும், மரத்தில் உராயாது. கம்பியை வளைப்பது எளிது. ஆனால் சற்று அழுத்திப் பிடித்தாலே சுருதி ஏறிவிடும்.

இத்தனை தூரம் போக வேண்டியதில்லை. நெக்கின் முதுகை மிக நுண்ணிய எஃகுப் பஞ்சால் நீளவாக்கில் மெல்லத் தேய்த்து மங்கலாக்கினால் போதும். பஞ்சுத் தூள் பிக்கப்பின் காந்தத்தில் ஒட்டாமலிருக்க முதலில் அதை டேப்பால் மூடிவிடுங்கள். வார்னிஷை முழுதாகச் சுரண்டிவிடாதீர்கள். மேப்பிள் மரம் ஈரத்தைக் குடித்து முறுக்கிக்கொள்ளும்.